ஈரோட்டில் விழுந்த டிக்

நஞ்சம்மாளுக்குப் பேச வராது என்றுதான் அந்த மாடிக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளுக்குப் பேச வரும். யாராவது கேட்டால் வரும். யாரும் கேட்காதபோது தானாக ஒரு வார்த்தையை எடுத்து முன்னால் வைப்பதற்குத்தான் கூச்சம்.

கோயமுத்தூர் ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே கோவிந்தராஜுலு திருமணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். கீழே பித்தளைக் குடங்களை இடம் மாற்றும் சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு படியேறி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நஞ்சம்மாளின் முதுகை. கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பின்னால் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே அடிப்பாள். எந்த அம்மா பெண்ணின் வயதைக் குறைத்துச் சொல்கிறாள், எந்த அப்பா பையனின் வேலையைப் பற்றிக் கேட்டதும் தொண்டையைச் செருமுகிறார் என்பதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாணமாகி, கணவர் லாரி ஓட்டினார். வாளையாறு தாண்டி ஒரு மழை நாளில் லாரி கவிழ்ந்தது. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் கிளம்பி வந்து, டைப்ரைட்டிங் கற்று, போத்தனூரில் சாஜிதா பேகத்தின் வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ராத்திரி ரயில் போகும்போது டம்ளர் மெல்ல அதிரும். போன பிறகு அறை முன்னைவிட அமைதியாகிவிடும்.

கட்டியவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள் அவள். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள். அவர் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது காந்திபுரத்திலிருந்து மதன்குமார் என்ற பையன் வந்து எக்செல்லில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். வந்து பதிகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீட். பெயர், ஊர், படிப்பு எல்லாம் கட்டங்களில். கூட்டம் என்கிற குலப் பிரிவுக்கும் நட்சத்திரத்துக்கும், தட்டினால் கீழே விரியும் பட்டியல். அதற்கும் கீழே வரிசையாகச் சின்னச் சதுரப் பெட்டிகள்: செவ்வாய் தோஷம், சைவம், வெளியூர் சம்மதம், மறுமணம் சம்மதம். தட்டினால் டிக் விழும். மறுபடி தட்டினால் போய்விடும்.

"அக்கா, மாதிரிக்கு ஒரு ஷீட் ரொப்புங்க. சரியா வருதான்னு பாத்துக்கறேன்" என்றான் மதன்குமார்.

"யாரு பேரைங்க போடறது?"

"ஏதாச்சும் போடுங்கக்கா. உங்க பேரையே போடுங்களேன்."

பொய்யாக ஒரு பெயரும் அவளுக்கு வாயில் வரவில்லை. தன் பெயரையே அடித்தாள். ஊர் போத்தனூர். கூட்டம் என்ற பட்டியலை விரித்துச் செம்பன் கூட்டம் என்பதைத் தேர்ந்தாள். விதவை என்று ஒரு கட்டத்தில் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தாள். மறுமணம் சம்மதம் என்ற பெட்டியைத் தொடாமல் விட்டாள். கோவிந்தராஜுலு தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "பேஷ், நல்லா வந்திருக்குது" என்றார். கட்டங்கள் ஒழுங்காக இருப்பதைத்தான் சொன்னார். அந்த முதல் ஷீட்டை அப்புறம் யாரும் அழிக்கவில்லை. மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போனார்கள்.

ஈரோட்டில் ஒரு கிளை திறந்ததும், இங்கே பதிந்ததைப் பிளாப்பிகளில் போட்டு அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. கிளையைப் பார்த்துக்கொண்டவர் அங்கப்பன். முன்பு மஞ்சள் மண்டியில் இருந்தவர். அவரிடம் போகும் நகலை அங்கே யாரும் மாற்றக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றார் கோவிந்தராஜுலு. அதற்கு மதன்குமார் கம்ப்யூட்டரில் கோட் எழுதினான். ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே ஷீட் ஷீட்டாகப் போய் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்தது. பூட்டிய கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்தாலும் முடியாது என்று ஒரு வாசகம் வந்து நின்றது. எல்லோருக்கும் திருப்தி.

பிளாப்பி போன கொஞ்ச நாளிலேயே போன் வர ஆரம்பித்தது.

"ஏனுங்க, என்ற புள்ளைக்கு எப்பங்க செவ்வாய் வந்துச்சு?" என்று பெருந்துறையிலிருந்து ஓர் அம்மா கேட்டாள். "பொறந்தப்ப இல்லீங்க. போன மாசம் வரைக்கும் இல்லீங்க. உங்க மிஷின்ல ஏறுனதுக்கப்பறம் வந்திருக்குது!"

அடுத்து கோபிச்செட்டிபாளையம். "எங்க குடும்பமே கறி தின்னாத குடும்பமுங்க. பையன் கறி திங்கறான்னு ஈரோட்டுல போட்டிருக்குதாமா? எனக்கே தெரியாம எங்கீங்க தின்னான்?"

இங்கே இருக்கும் ஷீட்களில் எல்லாம் சரியாக இருந்தது. ஈரோட்டில் மட்டும் செவ்வாய் ஊர்ந்துகொண்டிருந்தது. கோவிந்தராஜுலு போனைக் கையில் பொத்திக்கொண்டு நஞ்சம்மாளைப் பார்த்தார். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரத்தில்தான் பவானிக்காரர் வந்தார்.

கோவிந்தராஜுலு சாப்பிடப் போயிருந்தார். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு ஏறி வந்த மனிதரின் காதோரத்து முடியில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. நரை என்று நினைத்தாள். மாவு.

"ஏனுங்க அம்மணி, சார் இல்லீங்களா?"

"வந்துருவாருங்க. உக்காருங்க."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பவானிங்க. மாவு மில்லு வெச்சிருக்கறேன். அர்த்தநாரின்னு பேரு. ஈரோட்டுல அங்கப்பன் ஒருத்தரோட ஷீட்டைப் படிச்சுக் காமிச்சாருங்க. நஞ்சம்மாள்னு. போத்தனூருங்களாமா. மறுமணம் சம்மதம்னு போட்டிருக்குதுங்க. போட்டோ இல்லீங்க. அதான் நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நஞ்சம்மாள் பாதி திரும்பியவள் மேற்கொண்டு திரும்பவில்லை. கை தானாகக் கீபோர்டின் மேல் மூடித் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தது.

"அவங்களை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"எப்படிப்பட்டவங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவளைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டு அவள் கேட்டதில்லை. "எச்சாப் பேசமாட்டாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "அது பரவாயில்லீங்க. மில்லு ஓடறப்ப பேசுனாலும் எனக்குக் கேக்காது." பிறகு சிரிப்பு அடங்கி, பையின் காதைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "சம்சாரம் போயி ரொம்ப நாளாச்சுங்க. பொண்ணைக் கட்டிக்குடுத்துபோட்டேன். சோறாக்க எனக்கே தெரியுமுங்க, அதுக்காகத் தேடலை. மில்லை நிறுத்துனதுக்கப்பறம் ஊடு ரொம்பச் சத்தமில்லாமப் போயிருதுங்க. அதான்."

ரயில் போன பிறகு டம்ளர் அதிர்வது நிற்கும் அந்த நேரம் நஞ்சம்மாளுக்கு நினைவு வந்தது. ஆமாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"அவங்க என்ன கூட்டமுங்க? நாங்க பனங்காடை."

"செம்பனுங்க."

"அப்ப பங்காளி இல்லை. கட்டற மொறைதான்" என்றார் அவர், சந்தோஷமாக.

இதற்கு மேல் விடக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. "அந்த டிக்கு தப்புங்க" என்றாள். "ஈரோட்டுப் பிளாப்பில பெட்டியெல்லாம் தானா மாறிப்போகுதுங்க. செவ்வாய் தோசம்கூட அப்படித்தான் விழுந்திருக்குது. அவங்க அதை வெக்கலீங்க."

"அப்படீங்களா." அவர் தரையைப் பார்த்தார். "அப்ப அவங்களுக்குச் சம்மதமில்லீங்களா?"

"அவங்களை யாரும் கேக்கலீங்க."

"கேட்டுப் பாருங்களேன் அம்மணி. கேக்கறதுல என்னங்க தப்பு?" என்று எழுந்தார். "வாரேனுங்க."

படியிறங்கும் சத்தம் கேட்டது. நீங்கள் யார் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கொஞ்சம் மாவு உதிர்ந்திருந்தது. சார் வருவதற்குள் துடைக்க வேண்டுமென்று துணியை எடுத்தாள். எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அங்கப்பன் எல்லாப் பிளாப்பிகளையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மதன்குமாரும் வந்திருந்தான். கோவிந்தராஜுலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அங்கப்பா, அங்க என்ன செய்வீங்களோ அதையே இங்க செஞ்சு காட்டுங்க" என்றார்.

அங்கப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஷீட்டைத் திறந்தார். மவுஸைப் பிடித்து, அம்பை ஒவ்வொரு வரியின் மேலும் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்த வரியை உரக்கப் படித்தார். ஜாதகம் படித்துக் காட்டுகிறவர்கள் வரிக்கு வரி விரல் வைத்துப் போவார்களே, அதே போல. விரல் தொடாத வரியைப் படித்ததாகவே கேட்கிறவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அம்புதான் அவருக்கு விரல். கட்டங்களைத் தட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. பெட்டிகளுக்கு வந்தார். செவ்வாய் தோஷம், ஒரு தட்டு. டிக் விழுந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று மதன்குமார் தலையில் கை வைத்தான்.

"ஏன் தம்பி? இன்னும் சைவத்துக்கே வரலையே."

"ஷீட்டைத்தாங்க பூட்டியிருக்கேன். மேல ஒட்டி வெச்ச பெட்டியும் லிஸ்ட்டும் அதுல அடங்கலை. பஸ்ஸை ஆஃப் பண்ணி சாவிய எடுத்தாலும் ஹாரனை அமுக்குனா அடிக்குதில்லீங்களா, அந்த மாதிரி."

"சரி, தட்டுனாத் தட்டிட்டுப் போவட்டும். மூடறப்போ சேமிக்கட்டுமான்னு கேக்குமே, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் கோவிந்தராஜுலு.

அங்கப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க, அது மரியாதையாக் கேக்குதுங்க. மூஞ்சில அடிச்சாப்புல வேண்டாம்னு சொல்றதுங்களா?"

மதன்குமார் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான். நஞ்சம்மாள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்புக்கு நடுவே அங்கப்பனின் கண் திரையில் இருந்த ஷீட்டின் மேல் போனது.

"இது உன்றதுதானே அம்மணி? இதைக்கூடப் பவானிக்காரர் ஒருத்தருக்குப் படிச்சுக் காமிச்சேன். சம்மதம்னு இருந்துச்சே."

மதன்குமார் சிரிப்பை விட்டுச் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

கோவிந்தராஜுலு நல்ல மனிதர். அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். "அட, அது மாதிரி ஷீட்டுப்பா. முதல்ல அதை அழிச்சுபோடுங்க" என்றார்.

"அழிக்க முடியாதுங்க சார்" என்றான் மதன்குமார். "முதல் ஷீட்டைப் பாத்துத்தான் கோட்டு மத்ததுக்கெல்லாம் அளவெடுக்குது. அதை எடுத்தா எல்லாம் நின்னுபோயிரும்."

"அப்ப அந்த டிக்கையாவது எடுத்துருங்க. பொம்பளைப் புள்ளை, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நஞ்சம்மாள் குனிந்து மவுஸைப் பிடித்தாள். ஒரு தட்டு. டிக் போயிற்று. யாரிடமோ இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. வேண்டாம் சார், இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லையே.

மதன்குமார் அங்கேயே உட்கார்ந்து கோட்டில் சில வரிகள் சேர்த்தான். இப்போது அது ஷீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் அதன்மேல் இருக்கும் பெட்டி, பட்டியல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துச் செயல்படாமல் செய்துவிடும். கையிலிருந்த காகித விண்ணப்பங்களைப் பார்த்து நஞ்சம்மாள் எல்லா டிக்குகளையும் சரிசெய்து முடித்த பிறகு, அவன் பொத்தானை அமுக்கினான். திரையில் ஷீட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஒவ்வொன்றிலும் கறுப்பாக இருந்த எழுத்துகள் சாம்பலாக வெளிறின. அவளுடையதுதான் முதலில் வெளிறியது. அங்கப்பன் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பாஸ்வேர்டு ஒன்னு அடிங்கக்கா" என்று மதன்குமார் நகர்ந்து இடம் கொடுத்தான். "நீங்க மட்டும்தான் திறக்கற மாதிரி இருக்கணும். வேற யாராலயும் ஊகிக்க முடியாத பேரா இருக்கட்டும்."

அவள் யோசிக்கவேயில்லை. வாயால் ஒருபோதும் சொல்லாத அந்தப் பெயரை அடித்தாள். திரையில் வெறும் நட்சத்திரங்களாக விழுந்தது. தான் அதைச் சொல்லமாட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை யாரும் நினைக்கவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகு செவ்வாய் எங்கும் போகவில்லை. போன்கள் நின்றன. வேலை முன்போலவே நடந்தது. மழைக்காலம் வந்தது. போத்தனூர் பஸ்ஸில் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, ஈரக் குடைகளுக்கு நடுவே நஞ்சம்மாள் போய்வந்தாள். எந்தப் பெஞ்சில் மாவு உதிர்ந்ததோ அந்தப் பெஞ்சில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

புதிதாகப் பதிகிறவர்களைச் சேர்க்க வாராவாரம் அவள் பாஸ்வேர்டை அடித்தே ஆகவேண்டும். அடிக்கும்போதெல்லாம் விரல்கள் அந்தப் பெயரின் மேல் போய் வந்தன. அது ஒரு விதமான பேச்சு போல ஆகிவிட்டது. நான்தான், கொஞ்சம் திறங்கள் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிடுவது போல. திறந்ததும் முதலில் வருவது அவளுடைய ஷீட். அதைக் கடந்து அடுத்ததற்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாஜிதா பேகம் மாடிக்கு வந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நஞ்சம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரே கொடியில ஒரே ஆளு துணி. பாக்கவே பாவமா இருக்குது அக்கா" என்றாள்.

"உங்க வீட்டுத் துணியும் போடுங்க, எடமிருக்குது."

"பேச்சை மாத்தாதீங்க. அன்னைக்கு ஒருத்தரு வந்து கேட்டாருன்னு சொன்னீங்களே, மாவுக்காரரு. அப்பறம் என்னாச்சு?"

"அது தப்பா விழுந்த டிக்குங்க. எடுத்தாச்சு."

"யாரு எடுத்தா?"

"நாந்தான். எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்கன்னு எடுத்தீங்க. சரி. யாரும் பாக்காதப்ப என்ன செய்வீங்க?" என்று சாஜிதா பேகம் ஈரத் துணியின் ஒரு முனையைப் பிடித்து உதறிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் கோவிந்தராஜுலு பல்லடத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் அவள் மட்டும். ஈரோட்டுக்குப் பிளாப்பி அனுப்ப வேண்டிய நாள். பாஸ்வேர்டு கேட்டது. அந்தப் பெயரின் முதல் எழுத்தில் விரல் வைத்துவிட்டு நிறுத்தினாள். இன்றைக்கு எதற்காகத் திறக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே அதைச் செய்வது சரியா என்று கேட்க யாரும் இல்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? லாரியில் நீண்ட தூரம் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும், நீ தனியா பயப்படாம இருந்தியா என்றுதான் வந்ததும் வராததுமாகக் கேட்பார். பதிலுக்கு அவள் தலையாட்டுவாள். பயந்துதான் இருந்திருப்பாள்.

முழுப் பெயரையும் அடித்தாள். கடைசி எழுத்து விழுந்ததும், அவளுக்கே கேட்காத அளவுக்கு, உதட்டால் அதைச் சொன்னாள்.

சாம்பலாக இருந்த பெட்டிகள் கறுத்தன. மறுமணம் சம்மதம். ஒரு தட்டு. டிக் விழுந்தது. பிறகு பொத்தானை அமுக்கினாள். கோட் ஓடியது. அவளுடைய ஷீட் வெளிறியது. டிக் அதற்குள் அப்படியே நின்றது. இனி அதை அங்கப்பன் எத்தனை தட்டுத் தட்டினாலும் எடுக்க முடியாது. பிளாப்பிகளை டப்பாவில் அடுக்கி, நூல் கட்டி, ஈரோட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. கோவிந்தராஜுலு எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி," அங்கப்பனின் குரல் தணிந்திருந்தது. "உன்ற ஷீட்டுல மறுபடியும் டிக்கு நிக்குதே! சாமி சத்தியமா நான் தொடலை. தொட்டாலும் அது அசையறதில்லை. அந்தத் தம்பிகிட்டச் சொல்லிச் சரிபண்ணச் சொல்லு."

"நீங்க தொடலீங்கண்ணா. நாந்தான் வெச்சேன்."

செய்தித்தாள் தாழ்ந்தது. கோவிந்தராஜுலு அவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"பவானிக்காரர் அப்பறம் இந்தப் பக்கமே வரலை கண்ணு" என்றார் அங்கப்பன். "வேற எங்காச்சும் பாத்துக்கிட்டாரோ என்னமோ. விசாரிக்கட்டுமா?"

நஞ்சம்மாள் போன் ஒயரை விரலில் சுற்றினாள். விசாரியுங்கள் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

"விசாரிக்கறதுன்னா விசாரிங்கண்ணா" என்றாள் கடைசியில். "அவரு இல்லாட்டியும் அது அப்படியே இருக்கட்டுமுங்க."